ஏழுமலைக்கு வைத்த தண்ணீர்

சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பை, ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், சொல்லியாக வேண்டிய ஒரு செய்தி, வாயைத் திறக்கவே விரும்பாத இன்னொரு செய்தி, இவ்வளவுதான் இருந்தன. பையும் பாட்டிலும் கனக்கவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். பெயர் அந்தோணி. சரக்குக் கப்பல்களில் முப்பது வருடமாகச் சமையல்காரன். கப்பலில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'பண்டாரி' என்பார்கள். உலகத்தில் பாதித் துறைமுகங்களைப் பார்த்தவன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். உண்மையில் பார்த்தது அந்தத் துறைமுகங்களின் காய்கறிச் சந்தைகளையும் மீன் கடைகளையும்தான். சொந்த மாநிலத்தில் கள்ளக்குறிச்சி என்று ஒரு ஊர் இருப்பதே ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏழுமலை எங்கள் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயிலராக இருந்தவன். கல்வராயன் மலைக்காரன். முப்பத்திரண்டு வயது. அந்தக் கப்பலில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வேலை முடிந்ததும் என் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "இன்னாண்ணா இன்னிக்கி?" என்பான். கோழி என்றாலும் மீன் என்றாலும் கடைசியில் சாமைச் சோற்றைப் பற்றித்தான் பேசுவான். ஏழு கடல் தாண்டியும் அவனுக்குச் சாமைச் சோறு மறக்கவில்லை.

அவன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பேருந்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஏறிய ஒரு பெண்மணி, "கொஞ்சம் நவுந்து குந்துங்கண்ணா" என்று என்னை ஜன்னலோடு ஒட்டினார். எந்த ஊர் என்றார். தூத்துக்குடி என்றேன். "உப்பு ஊரு" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பதுபோல் தூங்கிப்போனார். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் கரும்பும். எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருக்கும், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். சாயங்காலம் பக்கத்து மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டேன். பரோட்டாவைப் பற்றி ஒரு தூத்துக்குடிக்காரன் வெளியூரில் வாய் திறக்கக் கூடாது, சண்டை வரும். இட்லிக்கு ஊற்றிய காரச் சட்னி மட்டும் அபாரம். என்ன போட்டு அரைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா நாளைக்கு நீங்க எதிருல கடை போட்டுடுவீங்க" என்றார் மெஸ்காரர். சமையல்காரனைப் பார்த்தால் சமையல்காரனுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

பேருந்து நிலையத்தின் எதிரே கரும்புச் சாறு வண்டி நின்றிருந்தது. "ஐஸ் போட்டா, போடாமயாண்ணா?" என்று வண்டிக்காரர் நான் கேட்காமலே டம்ளரை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். அந்த வெயிலுக்கு எல்லாரும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்புச் சாற்றின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகம். சர்க்கரை ஏற்றப் போயிருந்தோம். கரை சேர்ந்த அன்றே ஏழுமலைக்கு வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். தமிழ் தெரிந்த ஆள் என்று கேப்டன் என்னைத் துணைக்கு அனுப்பினார். மயக்கம் தெளிந்து கண் திறந்தவனிடம், "நாளைக்கு வாரேன்டா, பயப்படாத" என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான்.

மறுநாள் எனக்கு மூன்று மணி நேரம் ஓய்வு கிடைத்தது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம் இல்லை, ஆனால் போய்வர நேரம் இருந்தது. நான் சந்தைக்குப் போனேன். அங்கே சோமாசி மாதிரி பெரிதாக ஒன்று பொரித்துத் தருவார்கள், உள்ளே இறால் வைத்து. கூடவே கரும்புச் சாறு. ஒன்று சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறதே என்று நான்கு சாப்பிட்டேன். சரக்கு ஏற்றி முடிக்க இன்னும் மூன்று நாளாகும், ஏழுமலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கப்பலுக்குத் திரும்பினால், மீதிச் சரக்கை வேறு துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று புறப்பட உத்தரவு வந்திருந்தது. அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம். நான்காம் நாள் நடுக்கடலில் செய்தி வந்தது. நோய்த்தொற்று என்றார்கள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு கப்பலில் மறுபடியும் சாந்தோஸ் போனேன். இந்தத் தடவை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே என்னை டோனா லூசியா என்ற எழுபது வயது அம்மாவிடம் அனுப்பினார்கள். நோயாளிகளைப் பார்க்க வாரம் இரண்டு நாள் வருகிறவர். ஏழுமலைக்காக மட்டும் தினமும் வந்து, கடைசி மூன்று நாளும் பக்கத்தில் இருந்தது அவர்தான். அவருக்குப் போர்த்துகீசியம், எனக்குக் கப்பல் இங்கிலீஷ். நடுவில் கைபேசி மொழிபெயர்த்தது.

அந்த அம்மா ஸ்பிரிட்டிசம் என்ற வழியில் நடப்பவர். பிரேசிலில் நிறையப் பேர் அந்த வழிதான். இயேசுவை மதிப்பார்கள். ஆனால் உயிர் சாவோடு முடிவதில்லை, இங்கிருந்து போனவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நம் நினைப்பு அவர்களைப் போய்த் தொடும் என்று நம்புகிறவர்கள். புதன்கிழமை தன் வீட்டுப் பிரார்த்தனைக்கு என்னை அழைத்தார். நான் கத்தோலிக்கன். மெழுகுவர்த்தி, சாம்பிராணி, பாட்டு, முழந்தாள் இதெல்லாம் இருக்கும் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கூஜா தண்ணீரும் டம்ளர்களும் வைத்திருந்தார். ஒரு பக்கம் வாசித்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். பிறகு கண்ணை மூடி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரியே கடவுளிடம் பேசினார். சண்டை போட்டவர்களுக்காக, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக. ஏழுமலையின் பெயரை அவர் 'எசுமலாய்' என்றார். அவர் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றியது. முடிந்ததும் கூஜாத் தண்ணீரை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அந்த நேரத்துப் பிரார்த்தனை அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும், குடித்தால் நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை.

"உங்கள் மொழியில் நீங்களும் அவருக்காகச் சொல்லுங்கள்" என்றார். நான் சிறு வயதிலிருந்து தெரிந்த ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "அழகாக இருந்தது. ஆனால் இது மனப்பாடம். உங்கள் நண்பரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை" என்றார். பிரார்த்தனைக்கு நீளமும் வேண்டாம், நல்ல சொல்லும் வேண்டாம், மனதில் இருப்பது இருந்தால் போதும் என்றார். மனதில் இருந்தது நான்கு இறால் பலகாரம். அதை எப்படிச் சொல்வது? 

கிளம்பும்போது டோனா லூசியா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் தாகத்தோடு போகவில்லை என்று சொல்லுங்கள். பிரார்த்தனைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து நான் வாயில் வைத்தேன், மூன்று தடவை விழுங்கினார். மூன்றாவது தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இன்னொன்றும் சொல்லுங்கள். அவரை அழுது அழுது கூப்பிட வேண்டாம். அவர் புது இடத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து இழுத்தால் கஷ்டப்படுவார். நல்லபடியாகப் போ என்று நினைத்தால் அது அவருக்குத் துணையாக இருக்கும்."

ஊருக்கு வந்ததும் ஏழுமலையின் அண்ணன் மாணிக்கத்துக்குப் போன் செய்தேன். 

"வெள்ளிக்கிழம வாங்கண்ணா. அமாவாச. தம்பிய கூப்புடற நாளு. மூணு தபா கூப்ட்டாச்சி, வரமாட்றான். வந்து ரெண்டு வார்த்த பேசிட்டான்னா அவன் பொண்டாட்டி தேறிடுவா. பெட்டில வந்தான் பாருங்க, தொறக்கவே வுடல. வாயில ஒரு சொட்டு தண்ணி ஊத்தல நாங்க. அந்தப் பொண்ணு அதே நெனப்புல கீது. சொம்ப வாயில வச்சாலே அழுவுது. ஒடம்பு பாதியாயிடிச்சி."

போனிலேயே பஞ்சுத் தண்ணீரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'நீங்க பாத்தீங்களா, பக்கத்துல இருந்தீங்களா' என்றுதான் அடுத்த கேள்வி வரும். நேரில் வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளிமலை பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் வருவதற்குள் கரும்பு லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்று, நாங்கள் அரை மணி நேரம் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலை ஏறத் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. புயலில் கப்பல் புரளும்போது குழம்பு கிண்டியவன் நான். மூன்றாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன்.

"மலைக்கு புதுசுங்களா?" என்றார் நடத்துனர்.

"கடலுக்குப் பழசு" என்றேன். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, மோந்துகொண்டே வரச் சொன்னார்.

பாதி மலையில் டயர் பஞ்சராகிவிட்டது. எல்லாரும் இறங்கி நிழல் தேடினோம். மாற்று டயரும் சரியில்லையாம், கீழேயிருந்து வர வேண்டுமாம். அப்போது மேலே போய்க்கொண்டிருந்த ஒரு டெம்போக்காரர், "ரெண்டு பேரு ஏறிக்கலாம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு தொற்றி ஏறினேன். இரண்டு வளைவு போன பிறகுதான் பாட்டிலைப் பேருந்து இருக்கையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

டெம்போ என்னை ஒரு கிளைப் பாதையில் இறக்கிவிட்டது. "நேரா போய்க்கினே இருங்க, பலா மரம் ஜாஸ்தியா வர்ற எடந்தான்" என்றார் ஓட்டுநர். மலைக்காரர்களின் 'நேரா' எப்படிப்பட்டது என்று அப்புறம் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கினேன். இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை உழுது போட்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடலில் இருக்கும்போதுகூட இப்படித் தாகம் எடுத்ததில்லை.

பலா மரங்கள் வந்தன. மாணிக்கம் சொன்ன நீலக் கதவு வீடும் வந்தது. கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், யாரும் இல்லை. உள்ளே கூடத்தில் ஒரு பலகை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணியில் ஒரு சொம்புத் தண்ணீர். பக்கத்தில் இலை போட்டு ஏதோ மூடி வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியும் தண்ணீரும் பார்த்ததும் எனக்கு டோனா லூசியாவின் மேசைதான் ஞாபகம் வந்தது. அங்கே அப்படி வைப்பது வந்தவர்கள் குடிக்கத்தான். வருகிறவனுக்காக வைத்திருக்கிறார்கள் என்று எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சுனைத் தண்ணீர். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் எந்தத் துறைமுகத்திலும் குடித்ததில்லை.

சொம்பை இறக்கினால் வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நரைத்த தலையோடு ஒரு அம்மா, கையில் தாம்பாளம். பின்னால் ஏழுமலையின் ஜாடையில் ஒருவர், மாணிக்கம்தான். அவருக்கும் பின்னால், மெலிந்து கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்த ஒரு பெண். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வந்துட்டான்" என்றார் தாம்பாளம் பிடித்திருந்த அம்மா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "டேய் ஏழுமல. வந்துட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஏழுமலையின் அத்தை, பெயர் சின்னப்பொண்ணு. அறுபது வயது சின்னப்பொண்ணு. அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்தே இந்த வீட்டு வழக்கம் எனக்கும் விளங்கிவிட்டது. இறந்தவரைப் புதைத்த இடத்துக்குப் போய் அழைத்துவிட்டு வருவார்கள். வீட்டில் அவருக்கென்று சொம்பு வைத்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் அதைத் தொட மாட்டார்கள். வந்தவர் சொந்தக்காரர் யார் மேலாவது இறங்கி அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். எப்போதும் அத்தை மேல்தான் வருவார்களாம். ஏழுமலை மூன்று தடவையும் வரவில்லை, சொம்பு அப்படியே இருந்தது.

"அத்த, இவுரு தூத்துக்குடிக்காரரு. போன்ல பேசினாரே" என்றார் மாணிக்கம்.

"ஆளு எவுரா இருந்தா இன்னாடா? அவன்கூட கப்பல்ல இருந்த ஆளு. அவுரு மேல வந்துக்கிறான். அவ்ளோ தூரத்துலருந்து கூட்டிக்கினு வர ஆளு வேணாமா?"

அதற்குள் அந்தப் பெண் என் எதிரே வந்து குந்திவிட்டாள். ஏழுமலையின் மனைவி பச்சையம்மா. கைபேசியில் அவன் காட்டிய படத்தில் கன்னம் உப்பியிருந்தவள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, காலியான சொம்பையே பார்த்தாள்.

"தண்ணி பத்துச்சாய்யா?" என்றாள். "இன்னும் ஊத்தட்டா?"

ஒரு 'பத்துச்சு' போதும். 'நல்லா இருக்கேன், நீ சாப்பிடு' என்று சொன்னால் அந்த வீட்டில் ஒரு வருடத் துக்கம் அந்த நிமிடமே முடிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செத்தவன் பேரில் ஒரு நல்ல பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்றுகூட நினைத்தேன்.

"அங்க ஒன் பக்கத்துல எவுரு இருந்தாங்க? அந்தோணி அண்ணன் இருக்கறாருன்னு சொல்லுவியே, அவுரு இருந்தாரா?"

அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ஏழுமலையின் வாயாக இருந்து, 'ஆமாம், அண்ணன் இருந்தாரு' என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்வதற்கு அவன் வாயை எடுத்துக்கொள்வதா? அவ்வளவு கேவலமாக என்னால் போக முடியவில்லை.

"தாயி, நான் ஏழுமலை இல்ல" என்றேன். "அந்தோணிதான். பாட்டில பஸ்லயே விட்டுட்டேன். தாகத்துல தெரியாம எடுத்துக் குடிச்சிட்டேன்."

மாணிக்கத்தின் முகம் சிவந்தது. "இன்னாங்க நீங்க? சாமி எடத்துல வச்சத கேக்காம எடுப்பாங்களா?" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அத்தை கையை நீட்டி அவரை நிறுத்தினார். பச்சையம்மா அசையவில்லை.

"நான் அவன் பக்கத்துல இல்ல தாயி. அதையும் சொல்லிடுதேன்" என்று தொடங்கினேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னது, மூன்று மணி நேரம் கிடைத்தது, சந்தை, இறால், கரும்புச் சாறு, நான்கு என்ற கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம்கூடச் சொல்லாதது. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சுருக்கமாக, 'கடமையில் தவறினேன்' என்று சொல்லித் தப்பித்திருந்தேன். இங்கே அப்படிச் சுருக்க முடியவில்லை. பிறகு டோனா லூசியாவைப் பற்றிச் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன்.

பச்சையம்மா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"முழுங்கினாரா?"

"முழுங்கினான்னு அந்தம்மா சொன்னாங்க. நான் பாக்கல. மூணு தடவ. மூணாவது தடவ கண்ணத் திறந்து அவங்களப் பாத்தானாம்."

"அந்தம்மா இன்னா தண்ணி குடுத்தாங்க?"

"சாதாரணத் தண்ணிதான். சாமிகிட்ட அவனுக்காகப் பேசிட்டு, அந்தத் தண்ணியக் குடுத்தாங்க."

"இன்னா பேசினாங்க?"

"மந்திரம் மாதிரி ஒண்ணும் கிடையாது. நாம பேசுற மாதிரிதான். வாராவாரம் இன்னும் அவன் பேரச் சொல்றாங்க. அவனக் கூப்பிட வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. போற வழிக்கு நல்லது நினைச்சா போதுமாம்."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "கூப்புடாம எப்படி இருக்கறது? நம்மள மறந்துட்டாங்கன்னு நெனச்சிக்க மாட்டானா?" என்றார். நியாயமான கேள்வி. 

பச்சையம்மா எழுந்து போனாள். வெளியே குடத்திலிருந்து நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நிரம்பிய சொம்பைக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் அதே இடத்தில் வைத்தாள். "அந்தம்மா பேசின மாதிரி நீங்க பேசுங்க" என்றாள்.

நான்கு பேரும் உட்கார்ந்தோம். சாயங்கால வெயில் வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்திருந்தது. கண்ணை மூடினேன். மனப்பாடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றாகப் போகச் சொன்னேன். பிறகு பேசினேன்.

"ஏழுமலை, நான் அந்தோணி. வாரேன்னு சொல்லிட்டு வரல. நேரம் இருந்துச்சு, வயிறு முட்டத் தின்னுக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் உன் வீட்டுக்கு வந்திருக்கேன். உனக்கு வச்ச தண்ணியையும் நானே குடிச்சிட்டேன். கோவிச்சுக்காத. இங்க அண்ணன் இருக்காரு, அத்தை இருக்காங்க, பச்சையம்மா இருக்கா. உன்ன யாரும் மறக்கல. நீ எங்க இருக்கியோ அங்க நல்லா இரு. எங்களுக்காக அலையாத. உனக்குத் தண்ணி குடுத்த அம்மா நல்லா இருக்கணும். ஆண்டவரே, இவனப் பாத்துக்கிடும்."

அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அழுதேன், வெட்கப்படவில்லை.

"இப்ப அங்க இன்னா செய்வாங்க?" என்றாள் பச்சையம்மா.

"இருக்கறவங்க எல்லாரும் அந்தத் தண்ணியக் குடிப்பாங்க. ஆனா இது உங்க வீடு, உங்க வழக்கம். அது வேண்டாம்."

அவள் சொம்பை எடுத்தாள். "ஏண்டி" என்றார் அத்தை. பச்சையம்மா வாசலுக்குப் போய், பலா மரத்தடியில் கொஞ்சம் ஊற்றினாள். அது அவனுக்கு. திரும்பி நின்று மீதியைக் குடித்தாள். நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்க, சொம்பு காலியாகும் வரை குடித்தாள். மாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார். அவள் அப்படித் தண்ணீர் குடித்து அவர் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

இலையில் மூடி வைத்திருந்தது சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சாப்பிட்டோம். ஏழுமலை கப்பலில் அளந்ததில் பொய்யில்லை. சாமைச் சோறு வாயில் ஒட்டாமல் தனித்தனியாக இருந்தது, குழம்பை எவ்வளவு ஊற்றினாலும் இழுத்துக்கொண்டது. நான் ஒரு தடவைதான் போட்டுக்கொண்டேன். "இன்னாங்க, நாலு துன்ற ஆளு" என்றார் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் அவர் கேலி செய்கிறார் என்று தெரிந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் என்னோடு பேருந்து நிற்கும் இடம் வரை நடந்து வந்தார்கள். வழியில் அத்தை, "அடுத்த அமாவாசைக்கு காலைலயே கூப்டுடலாமா?" என்று கேட்டார். நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

"வேணாம் அத்த" என்றாள் பச்சையம்மா. "அவுரு தண்ணி குடிச்சிட்டாரு."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு மாணிக்கத்திடம், மழை வந்தால் திங்கட்கிழமை சாமை விதைக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார்.

"அந்தம்மா பேரு இன்னா சொன்னீங்கண்ணா?" என்றாள் பச்சையம்மா. லூசியா என்றேன். "லூசியா, லூசியா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேருந்து வந்தது. அதே நடத்துனர். என்னைப் பார்த்ததும், "கடல்காரரே, இந்தாங்க" என்று என் எவர்சில்வர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்குவதற்குள் பச்சையம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து இரண்டு நாள் பழைய தண்ணீரைக் கீழே கொட்டினாள். இடுப்பில் கொண்டுவந்த குடத்திலிருந்து சுனைத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தாள்.

"வழில தாகம் எடுத்தா இத குடிங்க" என்றாள். "எவுரு வூட்டு சொம்பயும் எடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாணிக்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார், அத்தையும் பார்த்தார். நடத்துனர் விசில் கொடுத்தார். சின்னசேலம் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் குடித்தேன்.